கறுப்புத் துணியில் வெள்ளிக் கோடு

தோலில் ஊசி போட்ட ஓட்டை மூடாது. ஷூ கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். தையல் கோணலாகப் போய்விட்டால் நூலைப் பிரித்து எடுத்துவிடலாம். ஆனால் ஓட்டைகள் வரிசையாக அப்படியே நிற்கும், இங்கே ஒருத்தி தப்பு செய்தாள் என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டு. பிறகு அந்தத் துண்டு கழிவுப் பெட்டிக்குத்தான்.

ஆம்பூரில், ஷூவின் மேல்பாகம் தைக்கிற பிரிவில் எனக்குச் செக்கிங் வேலை. லைனில் தைத்து முடித்தவை என் மேஜைக்கு வரும். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். குறை இல்லையென்றால் "பாஸ்" என்று சொல்லி அடுத்த பக்கம் தள்ளுவேன். என் வாயிலிருந்து அந்தச் சொல்லை வாங்குவது லேசில்லை என்று லைனில் ஒரு பேச்சு உண்டு. பேசட்டும். குறை பார்க்கத்தான் என்னை அங்கே உட்காரவைத்திருக்கிறார்கள்.

கஷ்டம் என்னவென்றால், இந்தக் கண் கம்பெனி கேட்டோடு நிற்பதில்லை. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் முகத்துக்கு முன்னால் அவர் காலரில் துருத்திக்கொண்டிருக்கிற நூல்தான் எனக்குத் தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டு உறையில் விட்டுப்போன தையலை எண்ணிக்கொண்டே வருவேன். ஒருநாள் வீட்டுக்காரர் என் கைப்பையில் கிடந்த அம்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு கூடத்தில் வந்து நின்றார். "நீ ஒட்டறதுக்கு முன்னாடி நானே ஒட்டிக்கினேன்" என்றார். சிரிப்பு வந்தது. ஆனால் ஸ்டிக்கர் கோணலாக இருப்பதைத்தான் முதலில் சொன்னேன்.

துணி என் கைக்கு வந்தது தற்செயலாகத்தான். ஷூவுக்கு உள்பக்கம் வைக்கிற துணியில் வெட்டியது போக மிஞ்சின துண்டுகளைக் குப்பைக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பை கேட்டு வாங்கிவந்தேன். கால்மிதி தைக்கலாம் என்று எண்ணம். போனில் வீடியோ பார்த்து, சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்துக் கையால் தைத்தேன். இரண்டாவது வரிசை கொஞ்சம் இறங்கிப் போய்விட்டது. எனக்கு வழக்கம்போலக் கோபம் வந்தது. தூக்கிப் போடுகிற எண்ணத்தில்தான் நூலை உருவினேன். ஓட்டைகள் வரிசையாக நின்றன. என்ன தோன்றியதோ, விரலில் தண்ணீர் தொட்டுத் தடவி, நகத்தால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்தேன். ஓட்டைகளைக் காணவில்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஊசிக்காக விலகிக்கொடுத்த இழைகள் தங்கள் இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன. துணி தைக்கிற எந்த டெய்லருக்கும் இது ஒரு சேதியே இல்லை. ஆனால் நான் இத்தனை வருஷமும் ஊசியோடுதான் வாழ்ந்திருக்கிறேன், ஊசி போன இடம் மறுபடி சேரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

அதற்குப் பிறகு என்னைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். மேலே ஒட்டுத்துணி, கீழே பழைய வேட்டி, நடுவில் மெத்தென்று இருக்க மடித்த காட்டன் புடவை, மூன்றையும் சேர்த்துச் சின்னச் சின்ன ஓட்டுத் தையலாகப் போட்டுக்கொண்டே போனால் அது போர்வை. ஊசி நுழைகிற இடமெல்லாம் துணி குழிந்து, பக்கத்தில் புடைத்து, தட்டையாக இருந்த ஒன்று உடம்பு வைத்துக்கொண்டு எழுந்துவரும். எத்தனை தைத்தாலும் எனக்கு அது சலிக்கவில்லை. பிறகு பின்னலும் கற்றுக்கொண்டேன். அது இன்னும் பெரிய மாயம். இரண்டு குச்சி, ஒரே நூல், எங்கேயும் ஓட்டை போடுவதில்லை, எங்கேயும் வெட்டுவதில்லை. பிடிக்கவில்லையென்றால் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், பின்னினது முழுக்க மறுபடி நூலாகிவிடும், ஒன்றுமே நடக்காததுபோல. "கம்பெனில நாள் பூரா தையலயே பாத்துட்டு வர்றே. லீவுல இன்னா பண்றேன்னு கேட்டா, தைக்கறேன்ற. இத்த வெளிய சொல்லாத" என்றார் வீட்டுக்காரர். அவர் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது நான் தைத்த போர்வைதான்.

தங்கைக்கு அப்போது மூன்றாம் முறையாக வயிற்றில் தங்கியிருந்தது. முன்னே இரண்டு முறையும் பாதியிலேயே போய்விட்டது. அவளைக் கொடுத்திருப்பது ஒடுகத்தூர் பக்கம், மலையடியில். மாப்பிள்ளைக்கு வேர்க்கடலை போடுகிற கொல்லை. அம்மா இல்லாததால் அவளுக்குத் தாய் வீடென்றால் என் வீடுதான். பிரசவத்துக்கும் இங்கேதான் வர வேண்டும். ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் பஸ் ஏறி வந்தவள், என் போர்வைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, எனக்கும் ஒண்ணு தச்சுக் குடேன். பாப்பாவுக்கு. எங்க ஊர்ல குளிர் ஜாஸ்தி."

அவள் கேட்டதே எனக்கு ஆச்சரியம். எங்கள் வீட்டுப் பக்கம், பிறக்கப்போகிற குழந்தைக்கென்று முன்னாலேயே புதிதாக எதையும் வாங்குவதில்லை. பழைய துணியில்தான் குழந்தையை ஏந்துவோம். முன்பு குழந்தை தங்காதவள் என்றால் அதிலும் ஒரு முறை இருக்கிறது. பிள்ளைகள் நன்றாக ஓடியாடுகிற வீடுகளில் போய் வாய்விட்டுக் கேட்டு வாங்கின துணியாக இருக்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகளின் ஆயுசில் ஒரு பிடி இங்கேயும் வரும் என்று நம்பிக்கை.

"கேட்டு வாங்கித் தைக்கறேன்" என்றேன்.

"ஆனா முடிச்சிடாதக்கா. ஒரு ஓரம் தைக்காம வுட்டுடு. பொறந்தப்புறம் நீ முடிச்சுக்கோ."

அரைகுறையாக ஒரு வேலையை எடுத்து வைப்பது எனக்கு ஆகாத காரியம். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துச் சரி என்றேன்.

மறுநாளிலிருந்து துணி கேட்கக் கிளம்பினேன். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவள் தன் மகளுடைய பழைய ஸ்கூல் யூனிஃபார்மைக் கொடுத்தாள், நீலம். லைனில் தைக்கிற ஒருத்தி தன் பிள்ளைகளுக்குத் தூளி கட்டின பச்சைப் புடவையில் பாதியைக் கிழித்துக் கொடுத்தாள். யாரிடம் கேட்டாலும் காரணம் சொல்லி முடிப்பதற்குள் பீரோவைத் திறந்துவிட்டார்கள். அழுகிற சுபாவம் எனக்குக் கிடையாது. ஆனால் அந்த வாரம் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எதிர் வீட்டு அக்காவை ஆபா என்றுதான் கூப்பிடுவோம், கடைசியாக அவரிடம் போனேன். வீட்டில் உருது, எங்களோடு தமிழ். நான்கு பிள்ளைகள், நான்கும் வளர்ந்து தெருவை ஒருகை பார்த்துக்கொண்டிருக்கிறவை. ஆபா உள்ளே போய், மடித்து வைத்திருந்த தன் பழைய புர்கா ஒன்றை எடுத்துவந்தார்.

"நாலு பேரையும் இதுக்குள்ள வெச்சுத்தான் தூக்கினு போனேன். வெயிலு, மழ, பஸ்ஸு, ஆஸ்பத்திரி எல்லாம். இதுக்குள்ளயே தூங்கிடுவானுங்க. இத்தவிட நல்ல துணி எங்கிட்ட இல்ல."

தொட்டுப் பார்த்தேன். துவைத்துத் துவைத்து, கையில் எடுத்தது தெரியாத அளவுக்கு மெத்தென்று ஆகியிருந்தது. எந்த மெஷினில் விட்டு எந்த மருந்து போட்டாலும் தோலுக்கு அந்தப் பதம் வராது. ஆனால் கறுப்பு. தங்கையின் மாமியார் என்ன சொல்வாரோ என்று இழுத்தேன். ஆபா சிரித்துவிட்டார்.

"கன்னத்துல மை வைக்கறீங்க இல்ல? அத்த மாதிரி நெனச்சுக்கோ. கண்ணு படாது."

அப்படித்தான் அந்தக் கறுப்பு நடுவுக்கு வந்தது. பெரிய கறுப்புச் சதுரம் ஒன்று நடுவில், அதைச் சுற்றி நீலமும் பச்சையும் மற்றதும். இணைத்து முடித்துத் தரையில் விரித்துப் பார்த்தேன். அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் நெருக்கிப் படுத்திருப்பதுபோல இருந்தது. எங்கேயும் இழுப்பு இல்லை, சுருக்கம் இல்லை. நானே மெச்சிக்கொண்டேன்.

இனி மேல் தையல். கறுப்புச் சதுரத்தில் நடுப்புள்ளியிலிருந்து கிளம்பி, சுற்றிச் சுற்றிப் பெரிதாகிக்கொண்டே போகிற ஒரே கோடாகத் தையல் போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு முதலில் வரைந்துகொள்ள வேண்டும். சாக்பீஸால் வரைந்தால் கை பட்டு அழிகிறது. பென்சில் கறுப்பில் தெரியவில்லை. கைப்பையில் சில்வர் பேனா கிடந்தது.

எங்கள் கம்பெனியில் எல்லோர் கையிலும் அது இருக்கும். தையல் போக வேண்டிய வழியைத் தோலின் மேல் அந்தப் பேனாவால் வெள்ளிக் கோடாக வரைந்துகொண்டு தைப்பார்கள். தைத்து முடித்ததும் கிளீனரில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, கோடு இருந்த சுவடே தெரியாது. எத்தனையோ வருஷமாகக் கண் முன்னால் நடக்கிற காரியம். கை தானாகப் பேனாவை எடுத்துவிட்டது, யோசிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. கறுப்பில் வெள்ளிக் கோடு பளிச்சென்று விழுந்தது. அதன் ஓரமாகவே கறுப்பு நூலால் தைத்துக்கொண்டு போனேன். பல ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. என் கண்ணுக்கே ஒரு குறையும் தெரியாத தையல் அது.

முடிந்ததும் கம்பெனியிலிருந்து கொஞ்சம் கிளீனர் கேட்டு வாங்கிவந்து துடைத்தேன். கோடு போகவில்லை. அழுத்தித் துடைத்தேன், ஓரிடத்தில் லேசாக மங்கி இழுபட்டது. சோப்பு போட்டுக் கசக்கினேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். யாரோ சொன்னார்கள் என்று பல்பொடி போட்டுத் தேய்த்தேன். அலச அலசக் கறுப்புதான் அழுக்கு நீங்கி ஆழமாகத் தெரிந்தது, கோடு இன்னும் எடுப்பாக நின்றது. தோலின் மேல் உட்கார்ந்துகொள்கிற மை, துணியில் இழைக்குள்ளேயே இறங்கிவிட்டது. துணிக்கு ஓட்டை மூடும், கோடு போகாது. தோலுக்குக் கோடு போகும், ஓட்டை மூடாது. தோலை மட்டும் பழகினவள் செய்த வேலை இது.

மதியச் சாப்பாட்டில் சொன்னதும் லைனே சிரித்தது. "நான் என் ஜாக்கெட்டுக்கு அப்டித்தான்கா மார்க் பண்ணேன். இன்னும் மின்னுது" என்றாள் ஒருத்தி. தோல் கம்பெனிக்காரிகளைத் தவிர உலகத்தில் யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள் என்பது அன்றைக்கு உறுதியாயிற்று.

எனக்கு ஆறவேயில்லை. நடுவில் இருக்கிற துண்டு, முதலில் கண் போய் விழுகிற இடம். ஆபாவிடம் புர்காவில் இன்னொரு துண்டு கேட்கப் போனேன், நடுவைப் பிரித்து மாற்றிவிடலாம் என்று. அவர் போர்வையை வாங்கி விரித்துப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? நல்லாத்தான இருக்குது, ஜரிகை மாதிரி."

"ஜரிகை இல்ல ஆபா. தப்பு."

வீட்டுக்கு வந்து கைப்பையிலிருந்து அம்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, நடுப்புள்ளியைப் பார்த்தாற்போல ஒட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரிப்பதென்று முடிவு. அதற்குள் ஒடுகத்தூரிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். தங்கைக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது, வேலூருக்குக் கொண்டுபோகிறோம் என்றார். நாள் இன்னும் எவ்வளவோ இருந்தது.

பெண் குழந்தை. உயிரோடு இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தங்கையின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன். அவளே கண்ணை மூடிக்கொண்டு, "நீ முடிக்கறதுக்கு முன்னாடி அவசரப்பட்டு வந்துட்டாக்கா" என்றாள்.

என் பையில் பின்னல் குச்சி இருப்பதைப் பார்த்த நர்ஸ் ஒருவர், "காட்டன் நூல்ல தொப்பி பின்னுவீங்களா? தலைல சூடு இறங்காம இருக்கணும்" என்று கேட்டார். செய்ய ஒரு வேலை கிடைத்ததே என்று இருந்தது. வெளி வராந்தாவில் உட்கார்ந்து, பிறந்த குழந்தைக்கு வழக்கமாகப் பின்னுகிற அளவில் பின்னிக் கொடுத்தேன். நர்ஸ் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பெரிது என்று திருப்பித் தந்தார். நுனியை இழுத்துப் பிரித்தேன். சின்னதாகப் பின்னினேன். அதுவும் பெரிது. மறுபடி பிரித்தேன். கடைசியில் ஒரு சாத்துக்குடிக்குப் போடுகிற அளவில் பின்னியது சரியாக இருந்தது. அதே நூல்தான். இத்தனை முறை பிரிந்தும் அது கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை.

தொப்பியைப் போட்டுவிட்ட பிறகு என்னையும் கையைக் கழுவச் சொல்லி உள்ளே விட்டார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழக்கதோஷம், குறை எங்கே என்றுதான் என் கண் தேடியது. வேலை முடிவதற்கு முன்னால் வெளியே வந்த குழந்தை என்று சொல்லியிருந்தார்கள். என் சுண்டுவிரல் கனம்கூட இல்லாத கை. அந்தக் கையில் விரல், விரலில் நகம், நகத்துக்கு வழித்துவிட்டதுபோல ஓரம். காது மடலின் வளைவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்பியிருந்தது. இப்படி ஒரு வேலை என் மேஜைக்கு வந்ததேயில்லை. மூச்சு விட்டால் அதற்குப் பட்டுவிடுமோ என்று அடக்கிக்கொண்டு நின்றேன்.

குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. அப்போதுதான் கண் டாக்டர் வந்தார். குறைமாதத்தில் பிறக்கிற குழந்தைகளுக்குக் கண்ணின் உள்பக்கம் ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது, அதைப் பார்க்க வேண்டும் என்றார். தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, லேசர் வைத்தே ஆக வேண்டும் என்றார். வைத்தார்கள். பிறகு எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"நம்மளால முடிஞ்சத பண்ணியாச்சு. பார்வை எப்டி வரும்னு இப்ப சொல்ல முடியாது. போகப்போகக் கொழந்தை முகத்தப் பாக்கணும். எதாவது நகர்ந்தா கண்ணு கூடவே போகணும். வீட்ல கவனிச்சுட்டே இருங்க. அடுத்த தடவ வரும்போது என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க."

தங்கை குழந்தையோடு ஆம்பூருக்கு, என் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே போர்வையைக் கேட்டாள்.

"நடுவுல ஒரு தப்பு இருக்குது. மாத்திட்டு முடிச்சுக் குடுக்கறேன்" என்றேன்.

அவள் அதை மடியில் விரித்தாள். அம்பு ஸ்டிக்கரைப் பார்த்தாள், வெள்ளிக் கோட்டைப் பார்த்தாள். ஸ்டிக்கரை நகத்தால் உரித்து என் கையில் வைத்தாள்.

"நாலு பிள்ளைங்க தூங்கின துணி. பிரிக்காதக்கா. அப்டியே முடிச்சுடு."

வாதாடத் தெம்பில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து நான்காவது ஓரத்தைத் தைத்து நூலை முடிந்தேன். அந்தக் கோடு என்னை முறைத்துக்கொண்டே இருந்ததாகத்தான் எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் குழந்தையின் கண்ணை நினைத்தே நாளைக் கழித்தோம். தங்கை கிலுகிலுப்பையை ஆட்டுவாள், குழந்தை தலையைத் திருப்பும். ஆனால் அது காதின் வேலை. சத்தம் போடாமல் முகத்தைக் கிட்டே கொண்டுபோவாள். கண் அவளைத் தாண்டி எங்கேயோ இருக்கும். சிவப்புப் பந்து, மஞ்சள் சாமந்திப்பூ, வீட்டுக்காரரின் டார்ச் லைட் எல்லாம் ஆயிற்று. ஒருசமயம் பார்த்ததுபோல இருக்கும், அடுத்த கணம் இல்லையென்று ஆகிவிடும். முதலில் "அக்கா, பாத்துச்சு இல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். டாக்டரிடம் போக வேண்டிய நாள் கிட்டே வர வர, குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதுகூடச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள்.

நான் இன்னும் மோசம். ஒரு துண்டைக் கையில் எடுத்த மாத்திரத்தில் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுகிறவள், அந்தக் குழந்தையின் கண்ணை நேராகப் பார்க்கப் பயந்தேன். என் பார்வை பட்டால் குறை தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அது உண்மையாகிவிடும். குளிப்பாட்டுவேன், பொட்டு வைப்பேன், தொட்டிலில் போடுவேன். எல்லாம் கண்ணைத் தவிர்த்துவிட்டுத்தான்.

அன்றைக்குக் காலையில் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்தேன். போர்வையும் அதில் இருந்தது. முன் அறையில் பாய் விரித்துக் குழந்தையைப் படுக்கவைத்திருந்தாள் தங்கை. அவள் சமையலறையில் இருந்தாள். வாசல் கதவு திறந்திருந்ததால் வெயில் அறைக்குள் வந்து விழுந்திருந்தது. மடிப்பதற்காகப் போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்து விரித்தேன். கறுப்புப் பக்கம் குழந்தையை நோக்கி இருந்தது, வெயில் அதன் மேல் பட்டது, வெள்ளிக் கோடு முழுக்கச் சுற்றிச் சுற்றிப் பளபளத்தது.

பாயில் உதைத்துக்கொண்டிருந்த கால்கள் நின்றன.

நான் இரண்டு அடி வலது பக்கம் நகர்ந்தேன், மடிக்கிற வாக்கில்தான். குழந்தையின் கண் வலது பக்கம் வந்தது. இடது பக்கம் நகர்ந்தேன். கண் இடது பக்கம் வந்தது, கோட்டைவிட்டு இறங்காமல், மெதுவாக.

நான் உடனே நம்புகிற ஆளில்லை. வளையல் சத்தமாக இருக்கலாம் என்று போர்வையை வைத்துவிட்டு வளையல்களைக் கழற்றினேன். கொலுசு இல்லை. ஃபேனை நிறுத்தினேன். மாடியிலிருந்து எடுத்துவந்த வெள்ளைத் துண்டு ஒன்றை அதே இடத்தில் பிடித்து நகர்த்தினேன், கண் வழக்கம்போல எங்கேயோ அலைந்தது. போர்வையின் கறுப்பை மடித்து மறைத்து நீலத்தை மட்டும் காட்டினேன், ஒன்றுமில்லை. மறுபடி கறுப்பைத் திருப்பினேன். வெயில் கோட்டின் மேல் ஏறியதும், அலைந்துகொண்டிருந்த அந்த இரண்டு கண்ணும் வந்து அதில் நின்றன. நின்றது மட்டுமில்லை, விரிந்தன. இதுவரைக்கும் பார்க்காத எதையோ பார்த்த கண் அது. எலுமிச்சம்பழமும் பல்பொடியும் போட்டு நான் அழிக்கப் பார்த்த கோடு. அன்று மட்டும் அது அழிந்திருந்தால்?

பின்னால் டாக்டரும் தன் விளக்கையெல்லாம் வைத்துப் பார்த்து அதையேதான் சொன்னார். வளர்ந்ததும் கண்ணாடி போட வேண்டியிருக்கும், ஆனால் பார்வை இருக்கிறது என்றார். அது அப்புறம். அந்தக் காலையில் எங்களுக்கு டாக்டர் இல்லை.

எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ, சமையலறை வாசலில் தங்கை நின்றிருந்தாள். கையில் கரண்டி. முகத்தில் ரத்தமே இல்லை. ஓடிவரவில்லை, குழந்தையைத் தூக்கவில்லை. எத்தனையோ முறை ஏமாந்துவிட்டவள் இல்லையா, அந்த வாசலைத் தாண்டவே அவளுக்குப் பயம்.

"அக்கா" என்றாள். "நீ செக்கிங்ல இருக்கறவ. என் மனசுக்காவ சொல்ல வேணாம். நல்லா பாத்து சொல்லு."

பார்த்தேன். முதல்முறையாக நேராகவே பார்த்தேன். போர்வையை அறையின் இந்தக் கோடிக்கு எடுத்துப்போனேன், அந்தக் கோடிக்கு எடுத்துப்போனேன். மேலே தூக்கினேன், கீழே இறக்கினேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கண் கூடவே வந்தது. ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கி, ஒரு தையல்கூட விட்டுப்போகாமல் வந்தது. தங்கையைத் திரும்பிப் பார்த்தேன்.

"பாஸ்" என்றேன்.

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் போர்வையைப் போட்டுவிட்டு அவளிடம் போனேன். அவள் என் முந்தானையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். பாயில் குழந்தை சத்தமில்லாமல் தலையைத் திருப்பி, போர்வை விழுந்த பக்கத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தது.